மூக்கா? தோளா?

(திருவரங்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், நாடகத்திற்கு முன்பாக ஆற்றிய உரை)



நாடகம் எப்போது துவங்கும் என்று முன்வரிசைச் சிறுவர்கள் முணுமுணுப்பது என் காதிலும் விழுகிறது. திரை கட்டுவோர் முக்கால் மணி நேரம் கேட்டிருக்கின்றனர். அந்த முக்கால் மணியை என் தலையிலே கட்டிவிட்டனர். தேர்தலைப் பற்றிப் பேசுவான், திட்டங்களைப் பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நானோ மூக்கைப் பற்றிப் பேசப் போகிறேன்! மூக்கையும் தோளையும் பற்றி. மூக்கும் வேண்டாம், தோளும் வேண்டாம், இயற்கை தரும் எதிர்ப்பு வலிமையே போதும் என்று முழங்கும் மூன்றாவது கட்சியைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சென்ற வாரம் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மாம்பழச் சாலையிலே ஒரு தேநீர்க் கடை. மூன்று பேர், மூன்று கட்சி. "கொரோனா காலத்தில் ஊசி போட்டதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்" என்றார் ஒருவர். "கிருமி நுழைவது மூக்கில், மருந்து குத்துவது தோளில்! வாசலில் திருடன், கொல்லையில் காவலா? மூக்கில் சொட்டு விடுவதல்லவா அறிவு!" என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இரண்டும் வணிகம். நோய் வரட்டும், போகட்டும். உடம்பே கற்றுக்கொள்ளும். என் பேரனுக்கு ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

என் சிரிப்பு அங்கே நின்றது. முதல் இருவரும் பேசியது நடந்து முடிந்த கதை. மூன்றாமவர் பேசியதோ, தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையின் நாளைய கதை! அதனால்தான் இந்த மேடையில் இந்தப் பேச்சு.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். நீ யாரடா மருத்துவம் பேச என்று கேட்கலாம். கேட்பதிலே நியாயம் உண்டு. மருந்து எழுதித்தர நான் வரவில்லை. படித்தவர்கள் பலரிடம் கேட்டு, ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, எனக்கு விளங்கியதை உங்களிடம் வைக்கிறேன். ஏன் இவ்வளவு பாடு பட்டேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

மூக்கா, தோளா என்ற வழக்கு நேற்று முளைத்ததென்றா எண்ணுகிறீர்கள்? நானூறு ஆண்டுப் பழமை உடையது! சீன நாட்டிலே பெரியம்மை கண்டவர் உடலிலிருந்து உதிர்ந்த பொருக்கை எடுத்து, உலர்த்தி, பொடித்து, வெள்ளிக் குழல் வழியாக நலமாயிருக்கும் பிள்ளையின் மூக்கிலே ஊதினர். ஆண் பிள்ளையானால் வலப்புற மூக்கு, பெண் பிள்ளையானால் இடப்புற மூக்கு! அங்கேயும் சாத்திரம் விட்டபாடில்லை. அதே காலத்தில் நம் நாட்டின் வங்கப் பகுதியிலே, ஊர் ஊராகச் சென்று, அம்மைப் பாலை ஊசி முனையால் தோலிலே கீறி ஏற்றுவோர் இருந்தனர். சீனத்திலே மூக்குக் கட்சி, வங்கத்திலே தோள் கட்சி!

இந்த இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் மோதிய காட்சியும் வரலாற்றிலே உண்டு. 1721ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரத்து நியூகேட் சிறைச்சாலை. உயிர்ப்பிச்சை தருகிறோம், உடலைத் தருகிறீர்களா என்று கைதிகளிடம் கேட்டு, அவர்கள் தோலைக் கீறி அம்மைப் பால் ஏற்றினர். ரிச்சர்ட் மீட் என்னும் மருத்துவர், சீனத்து முறையையும் பார்த்துவிடுவோம் என்று, ஓர் இளம்பெண் கைதியின் மூக்கிலே அதை வைத்தார். கீறல் பெற்றவர்கள் எளிதாகத் தேறினர். அந்தப் பெண்ணோ கொடிய தலைவலியிலும் காய்ச்சலிலும் துடித்துப் பிழைத்தாள். ஒருத்தியைக் கொண்டு ஒரு முறையை எடை போடுவது சோதனையாகாது. சிறைப்பட்டவள் உடலை அப்படிப் பயன்படுத்தியது அறமும் ஆகாது. ஆயினும், மூக்கு மென்மையான வழி, ஊசி முரட்டு வழி என்று இன்று நாம் கொள்ளும் எண்ணம், கண்ணால் கண்டு கொண்டதன்று, குத்தலுக்கு அஞ்சிக் கொண்டது என்பதற்கு அந்தப் பெண் சாட்சி.

1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு வழி கண்டார். 1802இல் அது இந்தியாவிலே கால் வைத்தது. 1899இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம் சென்னை மாகாணத்துக்கு அம்மைப் பால் தயாரித்து அனுப்பியது. அனுப்பி என்ன? குத்த வருகிறவரைக் கண்டால் ஊரே ஓடும்! என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்: அம்மை குத்துகிறவர் தெருமுனையில் திரும்பியதும், அவர் நெற்குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொண்டாராம். அவரை இழுத்து வந்து குத்திவிட்டனர். அவருடைய தம்பி வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்தான். அவனை எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒளிந்து வென்றவன் அவன் ஒருவனே! அடுத்த கோடையில் அம்மை அவனைக் கண்டுபிடித்தது. உயிர் தப்பியது, ஒரு கண் தப்பவில்லை. வாழ்நாள் முழுதும் அவருக்கு மறுபடி அம்மை வரவில்லை என்பது உண்மை. இயற்கை அவருக்கு அளித்த நோய் எதிர்ப்பு அசைக்க முடியாதது! அதற்கு இயற்கை வாங்கிக்கொண்ட விலை ஒரு கண்.

கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரம் இருக்கிறது. அங்கே அன்னை தன் மக்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி கிடப்பதாக மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை எள்ளி நகையாட நான் இங்கே வரவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகினார்கள். அயலார் உள்ளே வரலாகாது என்றார்கள். நோயாளியைத் தனியே கிடத்தினார்கள். நோயை நோக்கிக் கற்ற அறிவு அதிலே இருந்தது. ஆனால், பெரியம்மை இந்த நாட்டை விட்டு ஒழிந்தது எப்படி? 1974ஆம் ஆண்டின் முதற் பாதியிலே மட்டும் வடக்கே பல்லாயிரவரை அது வாரிக்கொண்டு போயிற்று. வீடு வீடாக நோயைத் தேடி, கண்ட இடத்தைச் சுற்றிலும் கவை முனை ஊசியால் குத்திக்கொண்டே போனார்கள் நம் சுகாதார ஊழியர்கள். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்திய மண்ணிலே ஒரு நோயாளி இல்லை. 1980இல் உலகமே அதினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. முப்பது வயதுக்காரனான என் தோளிலே அம்மைத் தழும்பு இல்லை. என் தாத்தாவின் தோளிலே இருந்தது. அவர் தோளில் இருந்ததால்தான் என் தோளில் இல்லை!

இயற்கை எதிர்ப்பு வலிமை என்பது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யன்று, தோழர்களே! அதைப் பொய் என்று சொன்ன சிலர்தாம், தடுப்பு மருந்தின் மேலிருந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுத்தனர். கொரோனா வந்து போனவருக்கு அதே நோயின் கடுமையிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைத்தது என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் இலான்செட் ஏடு வெளியிட்டது. பத்து மாதம் கழித்தும் கடும் நோய்க்கு எதிரான அந்தப் பாதுகாப்பு நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் நின்றதாம். தேநீர்க் கடை மூன்றாமவர் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார். குதிக்கட்டும். நான் கேட்பதெல்லாம், அந்தக் கணக்கிலே யார் யாரைச் சேர்த்தார்கள் என்பதுதான். முதல் தடவை நோய் கண்டு பிழைத்தவர்களை! பிழைக்காதவர்களை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து இரத்தம் எடுப்பது?

கொள்ளிடத்திலே வெள்ளம் போகும்போது பத்துச் சிறுவரைப் பிடித்துத் தள்ளுங்கள். எட்டுப் பேர் எப்படியோ கரை சேர்வர். நன்றாக நீந்தவும் கற்றிருப்பர். பத்து ஆண்டு கழித்து அந்த எட்டுப் பேரும் மேடையேறி, "நீச்சல் கற்க இதைவிடச் சிறந்த வழி இல்லை" என்று பேசுவர். மற்ற இருவரும் பேச வரமாட்டார்கள். வெள்ளம் நீச்சல் கற்றுத் தந்தது மெய்தான்! வடிந்த நீரிலே, இடுப்பில் கயிறு கட்டி, தகப்பன் அருகில் நிற்கக் கற்றுத்தருவதற்குத் தடுப்பு மருந்து என்று பெயர். உடம்பு கற்பது இரண்டு இடத்திலும் ஒரே பாடந்தான்.

2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கின்படி, நாட்டிலே நூற்றுக்கு 67.6 பேர் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தோன்றியிருந்தது. பெரும்பாலோர்க்கு அது ஊசியால் வந்ததன்று, நோயால் வந்தது. எவ்வளவு பெரிய இயற்கைப் பாடசாலை! அந்தப் பாடசாலைக்குக் கட்டணம் என்ன? தமிழ்நாட்டிலே அரசுக் கணக்குப்படியே 38,000 உயிருக்கு மேல். இந்தியாவிலே அரசுக் கணக்கு 5,30,000க்கு மேல்; 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டதோ 47 லட்சம். ஒன்றிய அரசு அந்த மதிப்பீட்டை மறுத்தது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் கட்டணம் குறைவன்று.

கபசுரக் குடிநீர் குடித்தோமே என்பீர்கள். நானும் குடித்தேன். திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தந்த கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்கள் தமிழ் மருத்துவத்துக்கு எவ்வளவு பரிந்து பேசியவர் என்பது இவ்வூர்ப் பெரியோர்க்குத் தெரியும். குடித்ததில் குற்றமில்லை. குடித்துவிட்டோம், ஆகவே கூட்டத்தில் புகலாம் என்றோமே, அதுதான் குற்றம்.

இனி, அந்தப் பேரனின் தட்டம்மை. அது வந்தால் வரட்டும், உடம்பு கற்றுக்கொள்ளும் என்கிறார் தாத்தா. தட்டம்மையைப் பொறுத்தவரை உடம்பு கற்பது ஒரு பங்கு, மறப்பது பல பங்கு! நெதர்லாந்து நாட்டில் ஊசி போடாத பிள்ளைகள் எழுபத்தேழு பேரின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019இல் அறிவித்தனர். மற்ற நோய்களுக்கு எதிராக அப்பிள்ளைகள் முன்பே சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்கு வரை தட்டம்மை அழித்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலே ஒரு புதுப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பழைய பாடப் புத்தகங்களை எல்லாம் கொளுத்திவிட்டுப் போகும் ஆசிரியன் அந்த நோய்! தடுப்பூசி அந்தப் புத்தகங்களைக் கொளுத்துவதில்லை. இயற்கை எதிர்ப்பு வலிமையின்மேல் மெய்யான பற்று உடையவர், அதைக் கொள்ளையிடும் நோயைத்தானே முதலில் தடுக்க வேண்டும்?

மூன்றாம் கட்சிக்கு இவ்வளவு போதும். மூக்குக் கட்சிக்கு வருகிறேன். அதன் வாதத்திலே பொருள் இருக்கிறது.

திருவரங்கத்தாருக்கு இதை விளக்குவது எளிது. ஏழு மதில் சூழ்ந்த ஊர் இது. அடையவளைந்தான் வீதி கடந்து, சித்திரை வீதி கடந்து, உத்திர வீதி கடந்து உள்ளே போக வேண்டும். தோளிலே போடும் ஊசி, உள் மதிலுக்குள் படையை நிறுத்துவது. இரத்தத்திலே எதிர்ப்புப் பொருள் நிறைகிறது. அது நுரையீரலைக் காக்கிறது. கிருமி உள்ளே வந்தாலும் உயிரைப் பறிக்க விடுவதில்லை. ஆனால் மூக்கு, தொண்டை ஆகிய வெளி வாயிலிலே அந்தப் படையின் நடமாட்டம் குறைவு. ஆகவே ஊசி போட்டவர்க்கும் சளி பிடித்தது. அவர் தும்மினால் அடுத்தவர்க்கும் தொற்றியது. மூக்கின் உட்புறத்து ஈரச் சவ்வுக்கென்று தனியான எதிர்ப்புப் பொருள் ஒன்று உண்டு. மூக்கிலே மருந்திட்டால் அந்த வாயிற்காவலன் விழித்தெழுவான், வாசலிலேயே கிருமியை மறிப்பான், தொற்றுச் சங்கிலி அறுபடும் என்பது அறிஞர்களின் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு என்றேன். சொல்லைக் கவனியுங்கள்! எண்ணம் அழகாயிருந்தால் மட்டும் போதாது. உடம்பு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக்சுபோர்டு அறிஞர்கள் தங்கள் ஊசி மருந்தையே மூக்கிலே தெளித்துப் பார்த்தனர். பங்கேற்றோரில் சிலரிடம் மட்டுமே, அதுவும் மெலிதாகவே, மூக்கில் எதிர்ப்பு தோன்றியது என்று 2022 அக்டோபரில் ஒளிக்காமல் அறிவித்தனர். குளிர்க் காய்ச்சலுக்கான மூக்குத் தெளிப்பு அமெரிக்காவிலே 2003 முதல் இருக்கிறது. போதிய பயன் காணவில்லை என்று 2016 முதல் இரண்டு பருவங்களுக்கு அதை அந்நாட்டார் நிறுத்தி வைத்து, திருத்திய பின்பே மீண்டும் சேர்த்தனர். சுவிட்சர்லாந்திலே 2000ஆம் ஆண்டு வந்த வேறொரு மூக்கு மருந்தோ, போட்டுக்கொண்டவர் சிலருக்கு முகவாதத்தைத் தந்துவிட்டுச் சந்தையிலிருந்து மறைந்தது. அந்த மருந்திலே சேர்த்த ஒரு நச்சுப் பொருளே காரணம் என்று கருதப்பட்டது. மூக்கு வழி என்பதனாலேயே தீங்கற்றது என்பதில்லை.

நம் நாட்டிலும் ஒரு மூக்கு மருந்து வந்தது. திருத்தணியிலே பிறந்த கிருட்டிண எல்லா அவர்கள் நிறுவிய ஐதராபாத் நிறுவனமாகிய பாரத் பயோடெக், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து வாசிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பெயர் இன்கோவேக். மூக்குத் துளைக்கு நான்கு சொட்டு, மொத்தம் எட்டுச் சொட்டு. 2022 செப்டம்பரிலே அவசர அனுமதி. 2023 சனவரி 26இல் வெளியீடு. அரசுக்கு ரூ. 325, தனியார்க்கு ரூ. 800, வரி வேறு. ஏறத்தாழ 3,100 பேரிடம் சோதித்தனர். எதிர்ப்புப் பொருள் தோன்றியது, பெரிய தீங்கு இல்லை என்பதை அச்சோதனை காட்டியது. வாசலிலேயே நோயை மறித்ததா, தொற்றைக் குறைத்ததா என்னும் கேள்விக்கு அந்தச் சோதனை விடை தேடவில்லை. மூக்கு மருந்தை நான் பழிக்கவில்லை. அதற்குச் சேர வேண்டிய மதிப்பெண் எவ்வளவோ அவ்வளவு கொடுங்கள் என்கிறேன். அது வந்து சேர்ந்தபோது, நாட்டிலே பெரும்பாலோர் ஊசியை இரு தடவை போட்டு முடித்திருந்தனர். முண்டியடித்து வாங்கக் கூட்டமும் இல்லை.

அப்படியானால் ஊசிக் கட்சிக்கே வெற்றி என்று யாரோ கை தட்டுகிறீர்கள். பொறுங்கள்! வேலூரிலே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

இளம்பிள்ளை வாதத்துக்கும் இதே சண்டை உண்டு. 1955இல் ஜோனாஸ் சால்க் ஊசி கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் ஆல்பர்ட் சேபின் சொட்டு மருந்து கொண்டுவந்தார். சால்க் ஊசி இரத்தத்தைக் காக்கும். சேபின் சொட்டு, கிருமி வளரும் குடலிலேயே காவல் வைக்கும். இருவரும் வாழ்நாளெல்லாம் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தனர். நம் நாடு சொட்டைத் தேர்ந்தது. 1995 முதல் ஊரெங்கும் சொட்டு மருந்து முகாம். உங்களிலே பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தாமே! 2011 சனவரியில் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றோடு அந்நோய் நின்றது. 2014 மார்ச்சு 27இல் வாதமற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. சொட்டுக்கு வெற்றி! ஆனால் சொட்டிலும் ஒரு குறை: அதிலுள்ள உயிருள்ள கிருமி, மிக மிக அரிதாக, தானே திரிந்து நோயாகிவிடும். மேலும், நம் ஏழைக் குழந்தைகளின் குடலிலே சொட்டின் காவல் நெடுநாள் நிற்பதில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர், பல தடவை சொட்டு மருந்து பெற்றிருந்த 450 குழந்தைகளை எடுத்துக்கொண்டனர். ஒரு பாதிக்கு மட்டும் சால்க் ஊசி ஒன்று போட்டனர். பின்பு எல்லோர்க்கும் சொட்டு கொடுத்து, மலத்திலே கிருமி வெளிப்படுகிறதா என்று பார்த்தனர். ஊசி பெற்ற குழந்தைகளிடம் கிருமி வெளிப்படுவது குறைந்திருந்தது! தோள் வழியாகப் போன ஊசி, குடலிலே உறங்கிக் கிடந்த காவலனைத் தட்டி எழுப்பிவிட்டது. உறங்குவதற்கு அங்கே ஒரு காவலன் இருந்ததால் எழுப்ப முடிந்தது. அவனை முன்பே அங்கே அமர்த்தியது சொட்டு. 2014இல் இலான்செட் ஏட்டிலே இது வெளிவந்தது. 2015 நவம்பரிலிருந்து நம் நாட்டுக் குழந்தைகளுக்குச் சொட்டும் உண்டு, ஊசியும் உண்டு. சால்க்கும் சேபினும் உயிரோடு ஒத்துப்போகாததை, நம் வேலூர்க் குழந்தைகளின் வயிறு ஒத்துப்போக வைத்தது!

தோழர்களே, இவ்வளவையும் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டென்று முன்னே சொன்னேன்.

எங்கள் நாடகக் குழுவிலே மன்னன் வேடம் கட்டிய ஓர் அண்ணன் இருந்தார். உறையூர்க்காரர், நெசவுக் குடும்பம். முடி தரித்து மேடையேறினால் கடைசி வரிசை வரை குரல் போகும், ஒலிபெருக்கி வேண்டாம். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நாற்பத்தைந்து வயது நிறைந்தோர் எல்லோர்க்கும் ஊசி என்று அந்த மாதம் முதல் தேதி துவங்கியது. "வாருங்கள் அண்ணே, போய்வருவோம்" என்றேன். "தம்பி, மூக்கிலே சொட்டு விடும் மருந்து சோதனையில் இருக்கிறதாம், செய்தித்தாளிலே போட்டிருக்கிறான். குத்தாமல் வருவது வரட்டும். நெசவுக்காரன் உடம்பு, அதுவரை தாங்கும்" என்றார்.

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் அவர்கள் சென்னையிலே எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டு, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வேண்டினார். 17ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். தமிழ்நாடே திடுக்கிட்டது. ஊசிக்கும் அந்த இறப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஒன்றிய அரசின் குழுவும் ஆராய்ந்து அந்த ஆண்டு அக்டோபரிலே அதையே உறுதி செய்தது. அக்டோபரிலே! ஏப்ரலிலே அச்சம் கொண்டவனுக்கு அக்டோபர் அறிக்கை எதற்கு? அண்ணன் என்னைப் பார்த்தார். மேடையிலே ஆயிரம் பேரை அசைக்கும் வாய் எனக்கு உண்டு என்கிறார்களே, அந்த வாய் அன்று என்ன சொல்லிற்று தெரியுமா? "சரி அண்ணே, அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்றது. எனக்கும் அச்சம். அதை அவருடைய முடிவுக்குப் பின்னாலே ஒளித்துக்கொண்டேன்.

மே மாதம் இரண்டாம் வாரம் காய்ச்சல். மூன்றாம் வாரம் மூச்சு. காந்தி சந்தை பூட்டிக் கிடந்தது. தெருக்களில் ஆம்புலன்சு ஒலி தவிர வேறொன்றும் இல்லை. ஓயாமரிக்கு நாங்கள் நால்வர்தாம் போனோம், முகத்தைக் காட்டவில்லை. மன்னனுக்கு மாலை போடக்கூட விடவில்லை.

ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று ஆணையிட்டுச் சொல்லும் மருத்துவர் எவரும் இலர். ஒரு தவணைதான் போட்டிருக்க முடியும், அதன் பயன் முழுமையன்று. பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்பது மட்டும் உறுதி. அவர் காத்திருந்த மூக்கு மருந்து, அவர் மறைந்து இருபது மாதம் கழித்து வந்தது. ஐயுற்றது அவர் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஐயம் கொள்ளக் காரணம் இருந்தது! கோவேக்சின் ஊசிக்கு மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வருவதற்கு முன்பே, 2021 சனவரி 3இல் அனுமதி தந்தனர். பின்னர் வந்த முடிவு நல்ல முடிவுதான், நூற்றுக்கு 77.8 என்று பயனைக் கணித்தது. வரும்வரை ஏன் நாட்டை இருட்டில் வைத்தனர்? கோவிசீல்டு ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறையும் என்பது 2021லேயே மேலை நாடுகளில் தெரிந்துவிட்டது. நம் தெருக்களுக்கு அது 2024இல் புதுச் செய்தி போல வந்து சேர்ந்தது! உள்ளதை உள்ளபடி முன்னரே சொல்லியிருந்தால், இன்று இளைஞன் ஒருவன் மாரடைப்பால் விழுந்ததும் "ஊசிதான்" என்று கூவுவோர்க்குக் காது கொடுப்பார் இருந்திருக்கமாட்டார். அந்தக் கூக்குரலையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்து, தடுப்பூசியால் இளைஞர்க்குத் திடீர் இறப்பு கூடவில்லை என்று 2023இல் அறிவித்தது. எத்தனை பேர் காதில் விழுந்தது?

ஊசியை விலைப்பொருளாக்கியதையும் மறக்கவில்லை. 2008இல் குன்னூர் பாசுடர் நிலையத்திலும் கிண்டி பி.சி.ஜி. நிலையத்திலும் மருந்து தயாரிப்பை நிறுத்த வைத்தனர். மீண்டும் அனுமதி தர 2010 ஆயிற்று. செங்கற்பட்டிலே கட்டிய தடுப்பூசி வளாகம், 2021இல் நாடு மருந்துக்குத் தவித்தபோது வெறுமனே நின்றது. மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்தனர். மூன்றரைக் கோடி ஊசிக்குத் தமிழ்நாடு உலகச் சந்தையிலே விலை கேட்டது. கொடுக்க ஒருவரும் வரவில்லை. 2021 ஜூன் 21 முதல்தான் பெரியவர் எல்லோர்க்கும் விலையின்றி ஊசி என்ற நிலை வந்தது. இதையெல்லாம் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்! அரசைக் கேட்க வேண்டிய கேள்விக்காகத் தொட்டிலில் இருக்கும் குழந்தையைத் தண்டிக்காதீர்கள்.

2017 பிப்ரவரியிலே தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டில் நடந்தபோது, கைப்பேசிச் செய்திகளை நம்பி எத்தனை பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஒளித்து வைத்தனர்! முகாமின் நாளையே நீட்டிக்க வேண்டி வந்தது. என் பாட்டியின் நெற்குதிர் இன்னும் நம் வீடுகளிலே இருக்கிறது, தோழர்களே.

மாம்பழச் சாலைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஒத்துக்கொண்டாரா என்றால், இல்லை. "உன் அண்ணன் கதை எனக்குத் தெரியாது தம்பி" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஒன்பதாம் மாதம் தாண்டிப் போயிற்றே, இனிப் போடலாமா?" என்று கேட்டார். போடலாம். ஒன்றரை வயதிலே இரண்டாம் ஊசியும் உண்டு. காலம் தவறினாலும் போடுவார்கள், புதன்கிழமைதோறும் அரசு சுகாதார நிலையத்திலே செவிலியர் இருப்பார், காசு கிடையாது. குழந்தையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தக் கூட்டத்திலே அப்படித் தள்ளிப்போட்டவர் யாரேனும் இருந்தால், உங்களுக்கும் அதே விடைதான். தனியே போகத் தயங்கினால், நம் வட்டத் தோழர்கள் மேடைக்கு இடப்புறம் நிற்கின்றனர்; வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டுப் போங்கள், புதன்கிழமை காலையிலே கூட வருவார்கள்.

திரை கட்டியாயிற்று என்று கையசைக்கிறார்கள். இன்றைய நாடகத்திலே மன்னனாக வருவது அந்த அண்ணனுடைய மகன். முதல் தடவையாக மேடை ஏறுகிறான். குரல் தந்தையைப் போல் இல்லை. பின்வரிசையிலுள்ளோர் கொஞ்சம் முன்னே வந்து உட்காருங்கள்.